‘நிலுவை’ ‘நிலவை’ ஆன குறிப்பேடு

என்னிடம் நீல அட்டை போட்ட ஒரு குறிப்பேடு இருக்கிறது. 2022ஆம் ஆண்டு முழுவதும் கணக்காய்வுப் பாடத்துக்காக எழுதியது அது. பாடப் புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தாலும், தமிழ்ப்பள்ளியில் படித்த பழக்கத்தால், ஒரு பகுதியைப் படித்து முடித்ததும் அதை என் சொந்தத் தமிழில் எழுதிப் பார்த்தால்தான் எனக்குப் புரிந்ததாக நம்பிக்கை வரும். அந்தக் குறிப்பேட்டின் நடுவில், ‘வாடிக்கையாளர்களின் நிலுவையை அவர்களிடமிருந்தே நேரடியாகக் கடிதம் பெற்று உறுதிசெய்ய வேண்டும்’ என்று இருக்க வேண்டிய வரியில், நிலுவை இருக்க வேண்டிய இடத்தில் ‘நிலவை’ என்று எழுதியிருக்கிறேன். எழுதிய அன்று அதை நான் கவனிக்கவில்லை. ஏழெட்டு மாதங்கள் கழித்து, அதே தேர்வில் இரண்டாம் முறையும் தோற்றுவிட்டு, எங்கே தவறினேன் என்று தாள் தாளாகப் புரட்டியபோதுதான் அது கண்ணில் பட்டது. காதில் ஓடிய பாட்டில் நிலவு வந்திருக்கிறது. அது என் கை வழியாகக் குறிப்பேட்டில் இறங்கியிருக்கிறது. அந்த ஒரு சொல்லைப் பார்த்தபடி நான் வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். பாட்டுக் கேட்டபடி படித்தால் கவனம் கூடும் என்று நம்பி ஓர் ஆண்டையும், ஏறக்குறைய 3,200 மலேசிய வெள்ளியையும் (ரிங்கிட்), காதின் ஒரு சிறு பங்கையும் இழந்த கதை இது. அப்போது என்னிடம் இதையெல்லாம் சொல்வதற்கு யாரும் இருக்கவில்லை என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

நான் மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் நகருக்கு வெளியே உள்ள ஒரு செம்பனைத் தோட்டத்தின் அலுவலகத்தில் செக்ரோல் கிராணியாக, அதாவது வருகையையும் கூலியையும் பதியும் எழுத்தராக, வேலை செய்கிறேன். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு யார் யார் வந்தார்கள், யார் எத்தனை குலை வெட்டினார்கள், யாருக்கு எவ்வளவு கூலி என்பதையெல்லாம் பதிந்து, மாதம் 15ஆம் தேதிக்குள் ஊழியர் சேமநிதிச் சந்தாவையும் சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்புச் சந்தாவையும் கட்டி முடிப்பது என் பொறுப்பு. அப்போது என் சம்பளம் 2,300 வெள்ளி. இந்த நாற்காலியிலிருந்து எழுந்து வேறு இடத்துக்குப் போக வேண்டும் என்ற எண்ணத்தில் ஏசிசிஏ எனும் கணக்காளர் தகுதித் தேர்வுகளை ஒவ்வொன்றாக எழுதி வந்தேன். மொத்தம் 13 தாள்கள். டிப்ளோமா படித்திருந்ததால் எனக்குச் சிலவற்றில் விலக்குக் கிடைத்தது. ஒவ்வொரு தாளிலும் நூற்றுக்கு 50 எடுத்தால் தேர்ச்சி. மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் என்று ஆண்டுக்கு நான்கு முறை தேர்வு நடக்கிறது. கணக்குப் போடும் தாள்களில் எனக்குச் சிரமம் இருக்கவில்லை. கணக்காய்வுத் தாளில் படிக்க வேண்டியது மிகுதி. படித்ததை ஒரு நிறுவனத்தின் நிலைமைக்குப் பொருத்தி எழுத வேண்டியது அதைவிட மிகுதி. அங்கேதான் சிக்கிக்கொண்டேன்.

எங்கள் வீட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அப்பா செம்பனை எண்ணெய் ஆலையில் 31 ஆண்டுகள் எஞ்சின் அறையிலும் கொதிகலன் பக்கத்திலும் வேலை செய்தவர். அவர் ஓய்வு பெற்றதும் தோட்டத்து லயத்தை (தொழிலாளர் வரிசை வீட்டை) காலி செய்துவிட்டு, நகரையொட்டிய ஒரு தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) மலிவுவிலை வீட்டுக்கு வந்தோம். இரண்டு அறைகள், ஒரு கூடம். அண்ணனும் அண்ணியும் வேலைக்குப் போவதால் அவர்களுடைய இரண்டு பிள்ளைகளும் இரவு ஒன்பது மணி வரை எங்கள் வீட்டில்தான் இருப்பார்கள். கூடத்தில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டே இருக்கும். அப்பா அதன் ஒலியை 55க்கு வைப்பார். அதற்குக் குறைத்தால் அவருக்குப் பேச்சு விளங்காது. என் அறைக் கதவைச் சாத்தினாலும் ஒவ்வொரு வசனமும் எனக்குத் தெளிவாகக் கேட்கும். அப்பாவிடம் குறைக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முப்பத்தொரு ஆண்டுகள் உழைத்துவிட்டு இப்போதுதான் அவர் நிம்மதியாகச் சாய்ந்திருக்கிறார் என்று நினைத்தேன். எனவே 2022 ஜனவரியில், 39 வெள்ளிக்கு ஓர் இயர்ஃபோன் வாங்கிக் காதில் மாட்டிக்கொண்டு, எனக்குப் பிடித்த மெல்லிசைப் பாடல்களைப் போட்டுக்கொண்டு படிக்கத் தொடங்கினேன்.

முதல் வாரத்திலேயே அது எனக்குப் பெரிய வரமாகத் தோன்றியது. முன்பெல்லாம் அரை மணி நேரத்தில் எழுந்துவிடுபவள், மூன்று மணி நேரம் தொடர்ந்து உட்கார்ந்தேன். சலிப்பு இல்லை. வேலை முடிந்து வந்த அலுப்பும் தெரியவில்லை. புத்தகத்தின் பக்கங்களும் புரண்டன. நம்மை ஏமாற்றுவது இந்த இடம்தான் என்று இப்போது எனக்குத் தெரிகிறது. பாட்டு என்னை நாற்காலியில் உட்கார வைத்தது உண்மை; உட்கார்ந்திருந்த நேரத்தையெல்லாம் படித்த நேரமாக நான் கணக்கெழுதிக்கொண்டேன். நீங்கள் பாட்டோடு படிப்பவராக இருந்தால், எத்தனை மணி நேரம் படித்தேன் என்பதைக் குறிக்காதீர்கள். புத்தகத்தை மூடிவிட்டு எத்தனை கருத்துகளை எழுத முடிந்தது என்பதைக் குறியுங்கள். நான் அதை முதல் மாதத்திலேயே செய்திருந்தால் ஓர் ஆண்டு மிஞ்சியிருக்கும். அதற்கு மாறாக, மார்ச் மாதத்தில், இன்னும் நல்ல ஒலி வேண்டும் என்று 459 வெள்ளிக்கு ஒரு ஹெட்ஃபோன் வாங்கினேன்.

ஜூன் மாதத் தேர்வுக்கு ஈப்போவிலிருந்து ரயிலில் கோலாலம்பூருக்குப் போய், ஓர் இரவு தங்கி எழுதினேன். அந்தத் தேர்வு அறையை என்னால் மறக்க முடியாது. குளிர்சாதனத்தின் மெல்லிய இரைச்சலும் விசைப்பலகைகளின் தட்டலும் தவிர வேறு சத்தம் இல்லை. ஆறு மாதங்களாக ஒரு நாள்கூட நான் அப்படிப்பட்ட அமைதியில் உட்கார்ந்து படித்ததில்லை என்பது அங்கே போய் அமர்ந்த பிறகுதான் உறைத்தது. முதல் கேள்வியைப் படிக்கத் தொடங்கியதும், காதில் எதுவும் இல்லாமலேயே ஒரு பாட்டின் பல்லவி மண்டைக்குள் ஓட ஆரம்பித்தது. ஒரு பத்தியை மூன்று முறை படித்தேன். ஒவ்வொரு முறையும் வரியின் பாதியில் பல்லவி வந்து குறுக்கே நின்றது. சரணம் வரை போய்த் திரும்பவும் பல்லவிக்கே வந்தது. மூன்று மணி நேரத் தேர்வில் முதல் நாற்பது நிமிடத்தை அப்படியே இழந்தேன். ஜூலையில் முடிவு வந்தது: 43. அம்மாவிடம் “இன்னும் ரிசல்ட் வரலம்மா” என்று பொய் சொன்னேன். அலுவலகத்தில் பெரிய கிராணி கேட்டபோதும் அதையேதான் சொன்னேன். தேர்வுக் கட்டணம் ஏறக்குறைய 750 வெள்ளி, போக்குவரவுக்கும் தங்குவதற்கும் 260 வெள்ளி போயிற்று. பணம் போனதைவிட, யாரிடமும் சொல்லாமல் மூன்று வாரம் சுமந்த வெட்கம்தான் என்னை அரித்தது.

அப்போதும் எனக்குப் பாட்டின் மீது சந்தேகம் வரவில்லை. நான் கேட்ட இசைதான் சரியில்லை போலும் என்று முடிவு செய்தேன். மூளையைப் படிப்புக்கு ஏற்ற அலைவரிசைக்குக் கொண்டுவரும் இசைத் தொகுப்பு என்று இணையத்தில் விளம்பரம் செய்த ஒருவரிடம் 299 வெள்ளி கட்டி, 40 ஒலிக்கோப்புகள் வாங்கினேன். அதன் உள்ளே இருப்பது எளிய சங்கதிதான். இடது காதுக்கு 400 ஹெர்ட்ஸ் ஒலியும் வலது காதுக்கு 410 ஹெர்ட்ஸ் ஒலியும் தனித்தனியே போனால், நொடிக்குப் பத்து முறை ஏறி இறங்கும் ஒரு துடிப்பு கேட்பதுபோல் மூளை உணரும். துடிப்பு கேட்பது உண்மை. அதனால் பாடம் மனத்தில் பதியும் என்பதற்கு உறுதியான சான்று கிடையாது. ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரணாகப் பேசுகின்றன. எனக்கு அது தலைவலியைத் தந்தது. பத்து நாளில் விட்டுவிட்டேன். பணத்தைத் திருப்பிக் கேட்டேன், பதில் வரவில்லை.

அந்த விளம்பரத்தில் மொசார்ட்டின் இசை அறிவுத்திறனை உயர்த்தும் என்று அறிவியல் நிரூபித்துவிட்டதாகப் பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். பின்னாளில் அதன் மூலத்தைத் தேடிப் படித்தேன். 1993இல் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்த மிகச் சிறிய ஆய்வு அது. அதில் பங்கெடுத்தவர்கள் 36 கல்லூரி மாணவர்கள். மொசார்ட்டின் இரு பியானோக்களுக்கான சொனாட்டா ஒன்றைப் பத்து நிமிடம் கேட்டபின், காகிதத்தை மடித்து வெட்டினால் எப்படி இருக்கும் என்று மனக்கண்ணில் காண்பது போன்ற கேள்விகளில் அவர்கள் சற்றுக் கூடுதலாக மதிப்பெண் பெற்றார்கள். அந்தப் பலன் கால் மணி நேரத்துக்கு மேல் நிற்கவில்லை. படித்ததை நினைவில் வைப்பதற்கும் அந்தச் சோதனைக்கும் தொடர்பில்லை. எல்லாவற்றையும்விட, அவர்கள் இசையைக் கேட்டு முடித்துவிட்டுத்தான் கேள்விகளைச் செய்தார்கள். இசை ஓடிக்கொண்டிருக்கும்போது செய்யவில்லை. பின்னர் 2001இல் கனடாவில் நடந்த ஓர் ஆய்வு, இசை நம் மனநிலையையும் விழிப்பையும் உயர்த்துவதே அந்தச் சிறு பலனுக்குக் காரணம் என்று விளக்கியது. இந்த வேறுபாடு மட்டும் முன்பே தெரிந்திருந்தால், 299 வெள்ளியை மிச்சப்படுத்தியதோடு, பாட்டைப் படிப்புக்கு முன்னால் வைத்து முடித்திருப்பேன். யாராவது உங்களிடம் இசைத் தொகுப்பு விற்க வந்தால், கேட்டுக்கொண்டே செய்ததா, கேட்டு முடித்துவிட்டுச் செய்ததா என்று முதலில் கேளுங்கள்.

டிசம்பர் தேர்வுக்கு வேறு திட்டம் போட்டேன். தமிழ்ப் பாட்டு என்றால்தானே வரிகள் குறுக்கே வருகின்றன, எனக்குத் தெரியாத மொழியில் கேட்போம் என்று இந்திப் பாடல்களுக்கு மாறினேன். இந்தியில் எனக்கு நான்கு சொற்களுக்கு மேல் தெரியாது. அதன்பிறகு வீணைக் கச்சேரிகளுக்கு மாறினேன். இரண்டிலும் ஓரளவு நிம்மதி இருந்தது. ஆனால் தேர்வில் 46தான் வந்தது. இன்னொரு 1,010 வெள்ளி போயிற்று. இந்த முறை அம்மாவிடம் மறைக்க முடியவில்லை; முகத்தைப் பார்த்ததும் அவருக்குத் தெரிந்துவிட்டது. அவர் என்னைத் திட்டவில்லை. “காதுல அத மாட்டிக்கிட்டா நான் சாப்பிடக் கூப்பிடுறதே ஒனக்குக் கேக்க மாட்டேங்குது, பாடம் மட்டும் எப்படிம்மா உள்ள போகும்?” என்று மட்டும் கேட்டார். அன்றைக்கு அது எனக்கு எரிச்சலாக இருந்தது. அந்த வாரம்தான் நீலக் குறிப்பேட்டைப் புரட்டி, நிலவைக் கண்டுபிடித்தேன்.

அதன்பிறகு தேடிப் படித்ததில் எனக்கு விளங்கியதை என் சொற்களில் சொல்கிறேன். நாம் மௌனமாகப் படிக்கும்போதும் உள்ளுக்குள் ஒரு குரல் வாசித்துக்கொண்டே இருக்கிறது. கேட்ட சொற்களையும் படித்த சொற்களையும் சில நொடிகள் சுழலவிட்டுப் பிடித்துவைக்கும் ஓர் இடம் மனத்தில் இருப்பதாக, பேட்லி, ஹிட்ச் என்ற இரு பிரிட்டிஷ் உளவியலாளர்கள் 1974இல் விளக்கினார்கள். அந்த இடம் மிகச் சிறியது. காது வழியாக வரும் பேச்சொலி, நாம் அழைக்காமலேயே அதற்குள் புகுந்துவிடுகிறது. பாடத்தின் வரியும் பாட்டின் வரியும் ஒரே வாசலில் நெருக்குகின்றன. தெரியாத மொழி என்றால் தப்பிக்கலாம் என்று நான் நினைத்ததும் தவறு. 1976இல் நடந்த ஓர் ஆய்வில், ஜெர்மன் மொழி அறியாதவர்களுக்கு ஜெர்மன் பேச்சைப் பின்னணியில் ஓடவிட்டபோதும், எழுத்துகளை வரிசையாக நினைவில் வைக்கும் திறன் குறைந்தது. 1989இல் சலாமே, பேட்லி ஆகியோர் வாய்ப்பாட்டையும் வாத்திய இசையையும் ஒப்பிட்டு, வாய்ப்பாட்டுதான் கூடுதலாகக் கெடுக்கிறது என்று கண்டார்கள். பிடித்த இசை என்றால் கெடுக்காது என்பதும் உண்மையில்லை. 2011இல் வெளியான ஓர் ஆய்வில், பிடித்த இசையும் பிடிக்காத இசையும் வரிசையாக நினைவுகூரும் வேலையை ஏறக்குறைய ஒரே அளவில் பாதித்தன.

வீணையில் எனக்கு நேர்ந்ததை நான் எந்த ஆய்விலும் படிக்கவில்லை. என் அனுபவமாகவே சொல்கிறேன். சிறுவயதில் கோயிலில் நடந்த இசை வகுப்புக்கு நான்கு ஆண்டுகள் போயிருக்கிறேன். வீணையில் தெரியாத உருப்படி ஒலித்தால் அது மழைபோல் பின்னால் பெய்துகொண்டிருக்கும். தெரிந்த கீர்த்தனை வந்துவிட்டால், பாடுபவர் யாரும் இல்லாமலேயே என் மனம் சாகித்தியத்தைச் சேர்த்துப் பாடத் தொடங்கிவிடும்; அனுபல்லவியில் நான் தாளமும் போட்டுக்கொண்டிருப்பேன். எனவே வாத்திய இசை என்றால் பாதுகாப்பு என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. அதற்குரிய சொற்கள் உங்களுக்குத் தெரியுமா என்பதையும் பார்க்க வேண்டும். திரைப்பாடல்களைப் புல்லாங்குழலில் வாசித்த தொகுப்புகளைப் பலர் படிப்புக்காகப் போட்டுக்கொள்கிறார்கள். அவற்றில் ஒவ்வொரு பாட்டின் வரியும் நமக்கு மனப்பாடம்.

2023 ஜனவரியில் எனக்கு நானே ஒரு சோதனை வைத்துக்கொண்டேன். வீட்டில் அமைதி கிடைக்காது என்பதால், பெரிய கிராணியிடம் முதன்முறையாக உண்மையைச் சொல்லி, மாலை ஐந்து மணிக்கு மேல் அலுவலகத்திலேயே இருந்து படிக்க அனுமதி கேட்டேன். அவர் மறுபேச்சு இல்லாமல் பின் அறையின் சாவியைக் கொடுத்து, “இத மொதல்லயே கேட்டிருக்கலாமேம்மா, அந்த அறை சும்மாதானே கெடக்குது” என்றார். நான்கு வாரங்கள், வேலை நாட்கள் இருபது. ஒவ்வொரு மாலையும் 20 சென் நாணயத்தைச் சுண்டி, ஒரு பக்கம் விழுந்தால் பாட்டோடும் மறுபக்கம் விழுந்தால் பாட்டில்லாமலும் படித்தேன். நாற்பது நிமிடத்தில் ஆறு பக்கம் படித்து, புத்தகத்தை மூடி, பத்து முக்கியக் கருத்துகளில் எத்தனையை எழுத முடிகிறது என்று எண்ணினேன். பாட்டுக்கு ஒன்பது நாளும் அமைதிக்குப் பதினொரு நாளும் விழுந்தன. பாட்டு நாட்களில் பெரும்பாலும் நான்கும் ஐந்தும் வந்தன. ஒரே ஒரு நாள் ஆறு. அமைதி நாட்களில் ஏழும் எட்டும் வந்தன. மிகவும் களைத்திருந்த ஒரு நாளில் மட்டும் ஐந்து. எண்ணுவதற்கு முன்பே, இன்று எப்படிப் படித்தேன் என்று எனக்குத் தோன்றியதையும் ஓரத்தில் ஒரு சொல்லில் குறித்து வந்தேன். ‘நன்று’ என்ற குறிப்பு பாட்டு நாட்களில்தான் கூடுதலாக இருந்தது. என் உணர்வும் என் விடைகளும் எதிரெதிராக நின்றதை அப்படி எழுத்தில் பார்த்த பிறகுதான் நான் பாட்டை விட்டேன். இருபது நாட்களை வைத்து எல்லோருக்கும் பொதுவாக எதையும் சொல்லிவிட முடியாது. இது என் மனத்தைப் பற்றிய கணக்கு. உங்களுக்கு உங்கள் கணக்கை நீங்களே எடுக்க வேண்டும். செலவு இல்லை, ஒரு நாணயமும் ஒரு தாளும் போதும்.

பாட்டு எங்குமே உதவாது என்று நான் சொல்லவில்லை. செக்ரோல் பதிவில் அது எனக்கு இன்றும் உற்ற துணை. வெட்டு அட்டையில் இருக்கும் குலைக் கணக்கைப் பார்த்துக் கணினியில் தட்டும் வேலையில் சொற்களுக்கு இடமில்லை. கண் பார்க்கிறது, கை தட்டுகிறது. பாட்டு இருந்தால் இரண்டு மணி நேரம் சலிக்காமல் போகிறது, பிழையும் கூடுவதில்லை. ஆனால் அதே மேசையில், ஒரு தொழிலாளியின் மருத்துவ விடுப்புக் கடிதத்தைப் படித்துச் சம்பளத்தில் என்ன கழிக்க வேண்டும் என்று முடிவெடுக்கும் கட்டம் வந்ததும் நிறுத்திவிடுகிறேன். ஒருவருடைய கூலி அது. கை மட்டும் செய்யும் வேலை, படித்துப் பொருள் கொள்ளும் வேலை என்று ஒரு நாளின் வேலைகளைப் பிரித்துப் பார்த்தால், எங்கே பாட்டு இருக்கலாம் என்பது தானாகத் தெரிந்துவிடும்.

இனி காதைப் பற்றி. அலுவலகத்தின் பின் அறையில் முதல் மாலை அமைதியாக உட்கார்ந்தபோது, ‘ஙொய்’ என்று மெல்லிய ஒரு ரீங்காரம் கேட்டது. விசிறி என்று நினைத்து நிறுத்தினேன், ரீங்காரம் நிற்கவில்லை. எழுந்து வெளியே போனேன், அங்கேயும் கேட்டது. அது என் காதுக்குள் இருந்தது. அச்சத்தில் மறுவாரமே ஒரு தனியார் காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் போய் 380 வெள்ளி செலவழித்தேன். அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளி கட்டிப் பார்த்து, பெரிய மருத்துவமனைக்குக் கடிதம் வாங்கியிருக்கலாம் என்பது பதற்றத்தில் தோன்றவில்லை. கேட்புச் சோதனையின் வரைபடத்தை மருத்துவர் என் முன்னே வைத்தார். வலது காதுக்குச் சிவப்பு வட்டங்கள், இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறிகள். கோடு நேராகப் போய், 4,000 ஹெர்ட்ஸ் அருகில் மட்டும் சிறு பள்ளம்போல் இறங்கி மறுபடியும் ஏறியது. பேரொலியால் வரும் தேய்வு பெரும்பாலும் அந்த இடத்தில்தான் தொடங்கும் என்றும், உள்காதிலுள்ள நுண்ணிய மயிரணுக்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைக்காது என்றும் சொன்னார். என் கைப்பேசியிலேயே ஹெட்ஃபோன் ஒலி அளவின் பதிவு இருப்பதைக் காட்டித் தந்ததும் அவர்தான். இரவு நேரச் சராசரி 90 டெசிபெல்லைத் தாண்டியிருந்தது.

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 80 டெசிபெல் ஒலியை ஒரு வாரத்தில் 40 மணி நேரம் கேட்கலாம். ஒவ்வொரு மூன்று டெசிபெல் ஏறும்போதும் அந்த நேரம் பாதியாகக் குறைந்துகொண்டே வரும்; 90 டெசிபெல் என்றால் வாரத்துக்கு நான்கு மணி நேரம்தான். நான் இரவுக்கு மூன்று மணி நேரம், வாரத்தில் ஐந்து இரவுகள், ஓர் ஆண்டு கேட்டிருக்கிறேன். ஏன் அவ்வளவு உரக்க வைத்தேன் என்று மருத்துவர் கேட்டார். தொலைக்காட்சியின் சத்தத்தை மறைப்பதற்கு என்றேன். வெளிச் சத்தத்தை வெல்வதற்காகப் பாட்டின் ஒலியை ஏற்றுவதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு என்றார். சத்தம்தான் சிக்கல் என்றால் சத்தத்தைக் குறைக்க வேண்டும், அதன் மேல் இன்னொரு சத்தத்தை ஊற்றக் கூடாது. மருந்துக் கடையில் ஐந்து வெள்ளிக்குக் குறைவாகக் கிடைக்கும் நுரை அடைப்பானை உருட்டி, காது மடலை மேலே இழுத்துச் செருகி, விரிந்து அடைக்கும் வரை விரலால் பிடித்திருந்தாலே பெரும்பகுதி சத்தம் அடங்கிவிடுகிறது. 459 வெள்ளி ஹெட்ஃபோனால் எனக்குக் கிடைக்காதது அதில் கிடைத்தது.

வரைபடத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அப்பா அதை வாங்கி மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகு நேரம் பார்த்தார். எங்கே குறைந்திருக்கிறது என்று விரலால் காட்டினேன். அப்போது அவர் சொன்னது எனக்கு இன்றும் வலிக்கிறது: “எனக்கு சத்தம் கேக்குதும்மா, சொல்லுதான் வெளங்கல. ஆலைய விட்டு வந்ததிலிருந்தே இப்படித்தான்.” அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஆலையில் காது உறை யாரும் போட்டதில்லை. 1989ஆம் ஆண்டு விதிமுறைகள் எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபெல் என்று எல்லை வைத்தன. 2019இல்தான் அது 85ஆகக் குறைந்தது. எந்த விதி எப்போது வந்தது என்று அலுவலகக் கோப்புகளில் நான் பலமுறை பார்த்திருக்கிறேன். என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருப்பவரோடு அதை ஒருநாளும் சேர்த்துப் பார்த்ததில்லை. அவருக்குக் கேட்காததால் தொலைக்காட்சி 55இல் இருந்தது. அது 55இல் இருந்ததால் என் ஹெட்ஃபோன் 90ஐத் தாண்டியது. நான் காதை மூடிக்கொண்டு அறைக்குள் இருந்த ஓராண்டும், அவர் கூடத்தில் தனியாக உதட்டசைவைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

மார்ச் மாதம் அப்பாவை அரசாங்க கிளினிக்கில் காட்டி, கடிதம் வாங்கி, ஈப்போ பெரிய மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். உயர்ந்த சுருதியில் இருக்கும் ஒலிகள் அவருக்கு வெகுவாகக் குறைந்திருந்தன. பேச்சில் ‘ச’, ‘ஸ’, ‘த’ போன்ற ஒலிகள் அங்கேதான் இருக்கின்றன; அவை போய்விட்டால் குரல் கேட்கும், சொல் பிரியாது. மே மாதத்தில் 2,400 வெள்ளிக்கு ஒரு காதுக்கு மட்டும் கருவி வாங்கினோம். அண்ணனும் நானும் ஆளுக்குப் பாதி, தவணையில். முதல் வாரம் அவருக்கு அது பிடிக்கவில்லை. தட்டில் கரண்டி விழுந்தாலும் இடிபோல் இருக்கிறது என்று கழற்றி வைத்துவிடுவார். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் என்று கொஞ்சங்கொஞ்சமாகப் பழகினார். வீட்டில் பெரியவர்களுக்குக் கருவி வாங்குபவர்கள் அந்த முதல் மாதத்தை மட்டும் பொறுமையாகக் கடத்திவிடுங்கள். பலர் அந்த மாதத்தில்தான் அதை மேசை இழுப்பறைக்குள் போட்டுவிடுகிறார்கள்.

ஜூன் 2023 தேர்வுக்கு முந்தைய மூன்று மாதமும் நான் படித்த முறை இதுதான்: அலுவலக வேலை முடிந்ததும் பத்து நிமிடம், ஒலியளவைப் பாதிக்குச் சற்று மேல் வைத்து, பிடித்த இரண்டு பாட்டைக் கண்ணை மூடிக் கேட்பேன். அன்றைய அலுப்பு அதில் இறங்கிவிடும். பிறகு ஹெட்ஃபோனைப் பைக்குள் போட்டுவிட்டு, பின் அறையில் ஏழரை மணி வரை அமைதியில் படிப்பேன். வாரத்தில் ஒருநாள், சனிக்கிழமை, தேர்வைப் போலவே மூன்று மணி நேரம் எழுந்திருக்காமல் பழைய கேள்விகளை எழுதினேன். முதல் சில நாட்கள் அமைதியே பெரிய இரைச்சலாக இருந்தது. மனம் ஒரு பாட்டைத் தேடிக்கொண்டே இருந்தது. பத்து நாளுக்குள் அது அடங்கியது. தேர்வு அன்று பல்லவி வரவில்லை. 61 வாங்கினேன். இந்த முறை முடிவை முதலில் அப்பாவிடம்தான் சொன்னேன், அதுவும் சத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

என் காதின் ரீங்காரம் முற்றாகப் போகவில்லை. மிக அமைதியான இரவுகளில் இன்னும் கேட்கிறது, பழகிவிட்டது. அந்தப் பள்ளம் மேலும் ஆழமாகவில்லை என்று மறு சோதனையில் தெரிந்தது. கூடத்துத் தொலைக்காட்சி இப்போது 22இல் ஓடுகிறது. என் அறைக் கதவைச் சாத்தினால் வசனம் கேட்பதில்லை. அண்ணன் பிள்ளைகள் தாத்தாவிடம் கதை கேட்கும் குரல் மட்டும் சில நேரம் கேட்கிறது. அப்போது எழுந்து போய்ப் பத்து நிமிடம் அவர்களோடு உட்கார்ந்துவிட்டு வருகிறேன்.